ஒரு வருடக் கயிறு

பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை எதில் போய் நின்றாலும் கிடைக்கிற முதல் பதில் ‘நாளைக்கு வாங்க’ என்பதுதான். நாளைக்குப் போனால் வார்னிஷ் காயவில்லை என்பார்கள். மறுநாள் போனால் திருச்சியிலிருந்து பேரிங் வரவேண்டும் என்பார்கள். அதற்குள் வயலில் மக்காச்சோளம் சுருண்டுவிடும். விவசாயிகளுக்கு இது பழகிப்போய், டவுனில் வேறு ஏதாவது வேலையை வைத்துக்கொண்டுதான் காயில் கடைப் பக்கமே வருவார்கள்.

என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் காயில் கடை வைத்திருந்தவர் மட்டும் அந்தப் பதிலைச் சொல்ல மாட்டார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு சாக்பீஸை எடுத்து மோட்டாரின் மேலேயே எழுதிவிடுவார்: ‘வியாழன் மூணு மணி’. வியாழக்கிழமை மூன்று மணிக்கு அந்த மோட்டார் வாசலில் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றரைக்கு வருகிற ஆளை அவர் ஒரு பார்வை பார்ப்பார். நாலு ஏக்கர் வெங்காயம் வைத்திருக்கிற பெரிய மனுஷனுக்கே கூச்சமாகப் போய்விடும்.

“த்ரீபேஸ் கரண்டு சொன்ன நேரத்துக்கு வராதுங்க. நான் வருவேன்” என்பார். அவருக்குத் தெரிந்த ஜோக் அது ஒன்றுதான். பதினோரு வருடம் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து அதையே கேட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலத்தான் சொல்வார்.

பெயர் சொல்லப் போவதில்லை. அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு இனிமேல்தான் வாழ்க்கை.

இந்த வார்த்தை சுத்தம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அவர் அப்பா எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர், நிலம் நீச்சு எதுவும் இல்லாதவர். “கூலி கேக்கப் போனா களத்து ஓரத்துல நிக்க வச்சு நாளைக்கு வாடாம்பானுவ. மறுநாளும் அதேதான். எங்கப்பன் கையக் கட்டிக்கிட்டுத் திரும்பி வருவாரு. நானும் பின்னாடியே போயிட்டு வருவேன். அந்த வார்த்தைய மட்டும் நம்ம வாயால எவன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்மா” என்றார். அப்படி நிற்க வைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் இப்போது அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். நானாக இருந்தால் ஒரு அரைமணி நேரமாவது வேண்டுமென்றே நிற்க வைத்திருப்பேன்.

அவருடைய வாக்கால் எனக்கும் லாபம் உண்டு. ஏதோ ஒரு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். என் கடையில் இருபது பெண் பிள்ளைகள் சான்றிதழும் கையுமாக நிற்கிறார்கள். ஸ்டெபிலைசர் புகைந்து, கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. எட்டிப் பார்த்தார். “பதினொன்னே காலுக்கு ஓடும், யாரும் போவாதீங்க” என்றார். ஓடியது. அந்த இருபதில் இரண்டு பேர் இப்போது வேலையில் இருக்கிறார்கள். அவரைத் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்பார்கள்.

அதே வாக்கால் வீட்டுக்கு நட்டமும் உண்டு. திருமழபாடிக்காரர் ஒருவருடைய மோட்டாரைச் சனிக்கிழமை மத்தியானம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆளின் வண்டி வழியில் நின்றுவிட்டது, திங்கட்கிழமை வருகிறேன் என்று போனும் பண்ணிவிட்டார். இவர் கேட்கவில்லை. மோட்டாரைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி, கொள்ளிடக்கரை வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மகளுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். அவர் மனைவி, சாந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம்தான் ஓடி வந்தாள். “அந்த மனுசனுக்கு மோட்டார்காரன்கிட்ட குடுத்த வாக்குதான்க்கா பெருசு. எனக்குத் தாலி கட்டுனப்ப ஒரு வார்த்தையும் குடுக்கல போல” என்று அழுதாள். நான் அப்போது அவரைத்தான் திட்டினேன். பெருமையாகவும் இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

குடிக்காத மனிதர் என்று சொல்ல வரவில்லை. குடித்தார். அதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஆறு மணிக்கு முன்னால் தொட மாட்டார். ஆறு மணிக்கு ஷட்டரை இறக்குவார், என்னிடம் “போயிட்டு வரேம்மா” என்பார், ஒயின் ஷாப்புக்குப் போவார். ஒருநாள் வந்து, “இன்னைலேருந்து நாலு மணி” என்றார். அறிவிப்பு மாதிரிதான் சொன்னார். பிறகு ஒருநாள், “மத்தியானமே” என்றார். ஒளித்துக் குடித்ததில்லை, குடித்துவிட்டு இல்லை என்று சொன்னதில்லை. மத்தியானம் ஆன பிறகும் காலையில் எழுதிய நேரத்துக்கு மோட்டார் ஓடியது. அதனால் யாரும் எதுவும் சொல்லவில்லை. வேலை நடக்கிறவரை குடிகாரனை நம் ஊர் ஒன்றும் சொல்லாது.

ஏன் குடிக்கிறார் என்று கேட்கிற எண்ணம் எனக்கு வந்ததே இல்லை. ஆண்கள் குடிப்பார்கள், அதற்குக் காரணம் வேறு வேண்டுமா? என் வீட்டுக்காரரும்தான் குடித்தார்.

மெக்கானிக்குகள் ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். பேரிங் தேய்ந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். அவரும் எப்போதும் அப்படிக் கேட்பார், கண்ணை மூடிக்கொண்டு. ஒருநாள் காலையில் என் கடைச் சுவரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“என்னண்ணே, என் கடைக்கும் காயில் கட்டப் போறீங்களா?” என்றேன்.

“சுவத்துக்குள்ள ரெண்டு பேரு பேசுறாங்கம்மா. எம்பேரச் சொல்லித்தான் பேசுறாங்க” என்றார். “ரொம்ப நாளாவே இருக்கு. ஊத்திக்கிட்டா கொஞ்சம் அடங்குது. அதுக்குத்தான் போறது.”

நான் சிரித்துவிட்டேன். அன்று ஜெராக்ஸ் எடுக்க வந்த நாலைந்து பேரிடம் அதைச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். குடிப்பதற்கு இதுவரை யாரும் சொல்லாத காரணம் என்று எனக்குத் தோன்றியது. ஊர் முழுக்கப் பின்னால் சொன்னது, குடித்துக் குடித்து அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று. எது முன்னால் வந்தது என்பதை அவர் தன் வாயால் என்னிடம் சொன்னார். அதைக் கேட்டுச் சிரித்தவள் நான்.

சுவர் பேசியதற்குப் பிறகு கூரை பேசியது, வீட்டு மிக்ஸி பேசியது. மிக்ஸியை அவர் கிணற்றில் போட்டபோதுதான் சாந்தி பயந்தாள். நானும் அவளும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மனநல டாக்டர் ஒரு பெண், சின்ன வயது. அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, இது குடியால் மட்டும் வந்தது இல்லை, இரண்டு வியாதி சேர்ந்து இருக்கிறது என்றார். “மாத்திரையை என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது. குடியையும் வீட்டுல வச்சு ஒரேயடியா நிறுத்தாதீங்க, அதுக்கு இங்க கூட்டிட்டு வந்து சேருங்க. ரெண்டையும் சேத்தே பாப்போம்” என்றார். இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை.

ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டார். கொஞ்சம் தூங்கி வழிந்தார், கொஞ்சம் குண்டானார். ஆனால் சத்தம் நின்றுவிட்டது. “சுவரு சும்மா இருக்கும்மா” என்று என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார். குடி மறுபடி நாலு மணிக்குப் போனது, பிறகு ஆறு மணிக்கு.

அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. சாந்தியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்துவிட்டாள். எந்த டாக்டர் அறை வாசலில் பார்த்தாள் என்பதையும் ஊரில் போய்ச் சொல்லிவிட்டாள். சாந்தி என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, குடிகாரன் பொண்டாட்டின்னா நாலு பேரு பாவம்னு சொல்லுவான். பைத்தியக்காரன் பொண்டாட்டின்னா வாசல மிதிக்க மாட்டான். எம்பொண்ண நாளைக்கு யாருக்கா கட்டுவான்? அவரு குடிகாரராவே இருந்துட்டுப் போவட்டும்.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. குடிகாரன் வீட்டில் பெண் எடுக்கிறார்கள், கொடுக்கிறார்கள், சம்பந்திகள் சேர்ந்து உட்கார்ந்தும் குடிக்கிறார்கள். மனநோய் என்று ஒரு சீட்டில் எழுதிவிட்டால் அந்தத் தெருவிலேயே நடக்க மாட்டார்கள். ஆகவே அவருக்குக் குடி மட்டும்தான் என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு வழி சொன்னது நான். கயிறு கட்டலாம் என்றேன்.

எங்கள் பக்கம் இது சாதாரணம். கொள்ளிடக்கரைக்குப் போகிற வழியில் என் அப்பா ஊர். அங்கே ஒரு ஐயனார் கோயில். குடியை நிறுத்துகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து, இத்தனை நாள் தொட மாட்டேன் என்று சொல்லிக் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். நடுவில் முடியவில்லையென்றால் அதே கோயிலுக்கு வந்து, தப்புதான் சாமி என்று விழுந்து கும்பிட்டு, ஒரு சேவலைக் கொடுத்துவிட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு போகலாம். என் வீட்டுக்காரர் அப்படி மூன்று முறை கட்டி மூன்று முறை அறுத்தார். மூன்று மாதம் என்பார், நாற்பது நாளில் சேவல் வாங்கக் கிளம்பிவிடுவார். ஆனால் அந்த நாற்பது நாளும் வீடு வீடாக இருந்தது. நாலாவது முறை கட்டியதுதான் நிலைத்தது. ஐயனார் இவர்களைப் பற்றித் தெரிந்தவர். இந்தக் கயிறே வாக்குத் தவறுகிற ஆண்களுக்காக ஏற்பட்டதுதான். தவறினால் திரும்பி வரட்டும் என்று அதில் ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். அதை நான் வாக்குத் தவறவே தெரியாத ஒரு மனிதர் கையில் கட்ட ஏற்பாடு செய்தேன். அவரை அவ்வளவு தெரிந்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

கார்த்திகை பிறந்த மறுநாள் போனோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். பூசாரி எனக்குப் பெரியப்பா முறை. “எத்தினி நாளு?” என்று கேட்டார். முன்னால் நின்ற பையன் நாற்பத்தெட்டு நாள் என்றான். அவனுக்கு முன்னால் இருந்த கிழவர் பொங்கல் வரைக்கும் என்றார். இவர் “ஒரு வருசம்” என்றார்.

“ஏப்பா, மொத தடவ. மூணு மாசம் வச்சுக்க” என்றார் பூசாரி.

“ஒரு வருசங்க.”

பூசாரி வழக்கமாகச் சொல்வதை வரிசையாகச் சொன்னார். சாராயம், பிராந்தி, பீர் கூடாது. கஞ்சா, ஹான்ஸ் கூடாது. கடைசியாக, “மாத்திரையும் கூடாது. இப்பல்லாம் தண்ணிக்குப் பதிலா மாத்திரைய முழுங்கிப்புட்டு மயங்கிக் கெடக்குறானுவ. சாமிய ஏமாத்துற வேல அது. அதையும் சேத்துத்தான் சத்தியம்” என்றார்.

சாந்தியின் மஞ்சள் பையில் அவருடைய மாத்திரை இருந்தது. எனக்குத் தெரியும். அன்று காலை பஸ்ஸில் அவர் அதைப் போட நான்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ‘பெரியப்பா, இவருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை இருக்கு, அதைப் போடலாமா’ என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். என்ன மாத்திரை என்று அவர் கேட்பார். சுற்றிலும் என் ஊர்க்காரர்கள், என் சித்தி, என்னோடு படித்தவள். சாந்தி என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். நான் எரிகிற சூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டில் சொல்லிப் புரியவைத்துக் கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் என்ன சத்தியம் செய்கிறார் என்பது காதில் விழுந்தது. முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே மாத்திரையைச் சாந்தியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். குடியும் போனது, மாத்திரையும் போனது, ஒரே நாளில். ஒரு வாரம் கை அப்படி நடுங்கியது, டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. உயிர் போகாதது அதிர்ஷ்டம். அதன் பிறகு தெளிந்தார். தெருவே கொண்டாடியது. “ஆளே மாறிட்டாரே!” “கயிறு கட்டினா இவர மாதிரி கட்டணும்!” என்னையும் பாராட்டினார்கள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினேன் என்று டீக்கடையில் பேச்சு. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். மாத்திரை பற்றி அவரிடம் நாலைந்து தடவை பேசினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: “சொல்லிட்டேன்மா.”

தை மாதம். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம், கடை நிறைய மோட்டார். ஒருநாள் பத்து மணிக்கு நான் வரும்போது வாசல் முழுக்கச் செம்புக் கம்பி. கட்டி முடித்துத் தயாராக இருந்த மோட்டார்களை எல்லாம் பிரித்து, புதுக் காயிலை வெட்டி வெட்டி வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு இல்லை, பதினான்கு. “உள்ளார ஆள வச்சு மூடியிருக்காங்கம்மா. மூச்சு முட்டிக் கத்துறாங்க” என்றார். சட்டை முழுக்க வியர்வை. விரல்களில் ரத்தம்.

மோட்டார்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். இத்தனை வருடம் சொன்ன நேரத்துக்கு வந்து வாங்கிப் போனவர்கள்தான்.

“ஏண்டா, காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டியா?” என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார்.

“குடிக்கலீங்க. கயிறு இருக்கு, பாருங்க” என்று அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

“ஊதுடா.”

ஊதினார். ஒரு பெரிய மனிதர், பேரன் பேத்தி எடுத்தவர், மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். நாற்றம் இல்லை. “பவுடர் கிவுடர் ஏதாச்சும் போட்டிருப்பான்” என்றார். பிறகு அடித்தார்கள். இன்னொருவர், “இவனுவளுக்கெல்லாம் கடை ஒரு கேடு” என்றார். அந்த ஆள் பத்து வருடமாக அவர் பெஞ்சில் அவர் டீயைக் குடித்தவர்.

ஐம்பது நாளுக்கு மேலாக ஒரு சொட்டு குடிக்காத மனிதரைக் குடித்ததற்காக அடித்தார்கள். குடிக்காத ஒருவன் இப்படிச் செய்வான் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ‘அவருக்கு வியாதி, விடுங்க’ என்று நான் கத்தியிருக்க வேண்டும். “அடிக்காதீங்க, அடிக்காதீங்க” என்று மட்டும்தான் கத்தினேன். அப்போதும் சாந்தி சொன்னதுதான் என் மனதில் ஓடியது. அவள் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கட்டடச் சொந்தக்காரர் கடைக்கு வேறு பூட்டுப் போட்டார். டாக்டரிடம் நான் மட்டும் போய் நின்றேன். “கயித்த நான் குத்தம் சொல்லலம்மா. மாத்திரை போடலாமான்னு அங்கயே கேட்டுட்டு வந்திருக்கலாமே?” என்றார். கூட்டி வாருங்கள் என்றார், அவர் வரவில்லை. சாந்தி மாத்திரையைப் பொடி பண்ணிக் குழம்பில் கலந்தாள். கசப்பை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “என் வாக்க ஏன் கெடுக்குற?” என்று மட்டும் கேட்டாராம். அன்றைக்கு வீட்டுச் சாப்பாட்டை விட்டவர், கொஞ்ச நாளில் வீட்டையும் விட்டுப் போய்விட்டார். சாந்தி பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரதராஜன்பேட்டைப் பக்கம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவளையும் குற்றம் சொல்ல மாட்டேன். குற்றம் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறார் என்று ஆனி மாதத்தில் கேள்விப்பட்டேன். அந்த வழியாக ஒருமுறை போனபோது பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கட்டணக் கழிப்பறைச் சுவரில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு சிமெண்ட் சாக்கு. நான் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பஸ் பத்து நிமிடம் நின்றது. அந்தப் பத்து நிமிடமும் மறைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஆடியில் அப்பா ஊரில் கிடாவெட்டு. பூசாரிப் பெரியப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒன்பது மாதம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“சுகருக்குப் போடுறவன், பிரசருக்குப் போடுறவன் எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான இருக்கான்? டாக்டர் குடுத்ததுக்குச் சாமி என்ன சொல்லப் போவுது? அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா போட்டுக்கன்னு சொல்லியிருப்பேனே, பாப்பா.”

அங்கிருந்து நேராக அரியலூர் வந்து இறங்கினேன். மத்தியான நேரம். அவர் டீக்கடை ஓரம் கீழே உட்கார்ந்திருந்தார். முடி சடை பிடித்திருந்தது. கணுக்காலில் புண். கையில் அந்தக் கயிறு கறுத்துப்போய், தோலோடு ஒட்டியிருந்தது. “அண்ணே” என்றேன். உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். “ஸ்டெபிலைசர் ஓடுதாம்மா?” என்றார். ஓடுகிறது என்றேன். டீக்கடைக்காரர், “தெரிஞ்சவரா? எவனெவனோ கோட்டர் வாங்கிக் குடுக்குறான், இந்தாளு கையால தொட மாட்டேங்குறாரு” என்றார்.

பூசாரி சொன்னதைச் சொன்னேன். மாத்திரை போடலாமாம், சாமி குற்றமில்லையாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவோம், எழுந்திருங்கள் என்றேன். நான் பேசுவது ஒன்று, நடுநடுவே அவர் காதில் விழுவது வேறொன்று என்று தெரிந்தது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டார். ஆனாலும் எனக்குப் பதில் சரியாகத்தான் வந்தது.

“பூசாரி சொல்லுவாரும்மா. வாக்கு அவருகிட்டயா குடுத்தேன்? இன்னும் மூணு மாசந்தான். முடிச்சுப்புடுறேன்.”

“முடிக்கிற வரைக்கும் உயிரு இருக்கணும்ல?”

“இருக்கும்.” பிறகு, “அன்னிக்கு நீ கேட்டிருந்தா நான் அந்தச் சத்தியத்தையே பண்ணியிருக்க மாட்டேன். எனக்கு அங்க வாய் வரல. நீ கேப்பன்னு உன் மொகத்தையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்” என்றார்.

கோபமில்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். பெரம்பலூரில் என் தெருவில் எனக்கு வாயாடி என்று பேர்.

கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன். வரவில்லை. கடைசியில் அவரே, “கார்த்திக ரெண்டாந்தேதி ஒரு வருசம் முடியுது. காலையில பத்து மணிக்கு உன் கடைக்கு வந்துர்றேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம். மாத்திரைய வாங்கி வையி” என்றார். அடுத்த பஸ்ஸில் என்னை ஏற்றிவிட எழுந்து நின்றார்.

நடுவில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை இருந்தார், பேசவில்லை. இரண்டாவது முறை ஆளில்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸில் கேட்டேன், ஆஸ்பத்திரியில் கேட்டேன், பெயர் இல்லாமல் வந்து சேர்கிற உடல்களைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடமும் கேட்டேன். சாந்தி மட்டும், “தேதி வரட்டும்க்கா. சொன்னா வந்துடுவாரு” என்றாள்.

கார்த்திகை இரண்டாம் தேதி எட்டு மணிக்கே கடையைத் திறந்தேன். டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆட்டோவும் சொல்லியிருந்தேன், வாசலில் நின்றது. பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. ஜெராக்ஸுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். மத்தியானம் ஆட்டோக்காரர், “அக்கா, வருவாங்களா மாட்டாங்களா?” என்று கேட்டார். போகச் சொல்லிவிட்டேன்.

நாலு மணிக்குச் சாந்திக்குப் போன் பண்ணினேன். “வரல” என்றேன்.

வேறு எதையும் அவள் கேட்கவில்லை. “பத்து மணின்னுதான சொன்னாரு?” என்றாள். ஆமாம் என்றேன். போனைக் கையில் வைத்துக்கொண்டே அவள் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள்.